பரிசுத்த ஸ்தலத்தில் செம்மணல்

ஜூலை 3, புதன்

சீயோன்விளைக்கு வந்து இறங்கினோம். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் லாரி டிரைவர் முகம் முழுவதும் செம்மண் அப்பிவிட்டது. ஊரின் கடைசிக் கட்டடம் எங்கள் சபைக் கோயில்தான். பீடத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதைச் சுற்றி இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர், சுவரைத் தாண்டினால் தேரி. கண்ணுக்கு எட்டியவரை சிவந்த மணல்மேடு, நடுவில் பனையும் கொல்லாம்மரமும். ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, காற்று முந்திக்கொண்டது. மேட்டின் முகடு புகைந்துகொண்டே இருக்கிறது.

குருவானவர் குடியிருக்காத சின்ன சபைகளில் ஜெபம் நடத்துவதும் அடக்கம் செய்வதும் என்னைப் போன்ற உபதேசியார்தான். இந்தச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான எங்கள் சேகர குரு வேறு ஊரில் இருக்கிறார். மாதக் கடைசியில் சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை. அதுவரை வாரத்தில் சில சாயங்காலங்கள் நான் பேச வேண்டும். அவர் கொடுத்த தலைப்பு: சங்கீதங்களில் தேவனுடைய பரிசுத்தம்.

என் மனைவி எமிமாள் சமையலறையைப் பெருக்கினாள். பெருக்கப் பெருக்க மணல். மகன் செல்வினுக்கு போன் போட்டோம். எடுக்கவில்லை. ஓசூரில் அவன் கம்பெனியில் ஷிப்டு மாறியிருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

முதல் கூட்டம். பரிசுத்தம் என்றால் வேறு பிரித்து வைக்கப்படுதல் என்று ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பாத்திரம் இருந்தாலும் திருவிருந்துக் கிண்ணத்தில் யாரும் காப்பி குடிப்பதில்லை. அதுபோலத்தான் தேவன், அவர் வீடு, அவர் ஜனம் என்று சொன்னேன். ஜனங்கள் தலையை ஆட்டினார்கள்.

கமிட்டிச் செயலாளர் எபனேசர் துரை கூட்டம் முடிந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு மண் இல்லை. இந்த ஊரில் அதை எப்படிச் செய்கிறார் என்று தெரியவில்லை. இப்படி ஒருவர் பேசிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்றார். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

காலையில் கோயிலைத் திறந்தபோது கிராதித் தடுப்புக்கு உள்ளே, பீடத்தைச் சுற்றி, மெல்லிய சிவப்பு விரிப்புப் போல மணல். சபையார் உட்காரும் பக்கம் ஒரு மணல்கூட இல்லை. பீடத்தின் பின்னால் இருக்கிற ஜன்னல் இரண்டும் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தன. ஓட்டு இடுக்கு வழியாக வந்திருக்கும்.

கோயில்குட்டி மாசிலாமணி அண்ணாச்சி மணி அடிப்பார், விளக்குப் போடுவார், எல்லா வேலையும் செய்வார். இதை மட்டும் கூட்ட மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, போன வருஷத்திலிருந்து இப்படித்தான், கூட்டினால் மறுநாள் இன்னும் அதிகமாக வருகிறது என்றார். நானே கூட்டினேன். ஈரமண் வாசனை அடித்தது. இந்தத் தேரியில் ஈரம் எங்கே இருக்கிறது.

ஜூலை 10, புதன்

இதை எழுதலாமா என்று மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்கு வாசித்துப் பார்க்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். தொண்ணூற்றொன்பதாம் சங்கீதம். கர்த்தர் ஆளுகிறார், ஜனங்கள் நடுங்கட்டும், பூமி அசையட்டும் என்று தொடங்குகிறது. நம் வழக்கப்படி ஒரு வசனம் நடத்துகிறவர், அடுத்தது சபையார். ஆளில்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் என் வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

அடுத்த வசனம் வந்தது.

காற்றின் இரைச்சலில் ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியவில்லை. பீடத்துக்குப் பின்னால், தேரிப் பக்கத்திலிருந்து. யாரோ கேட்டுக்கொண்டு கூடவே வாசிக்கிறார்கள் என்று எண்ணி நான் தொடர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அவசரமில்லாமல், வார்த்தை பிசகாமல். கடைசி வசனம் என்னுடையது. அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். சுவருக்கு வெளியே ஓர் உடை முள்மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு மண்மேடு. நார்ப்பெட்டியில் மணலை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கீதம் வாசித்தது நீதானா அம்மா என்று கேட்டேன்.

"நான் வாசிக்கலய்யா. எனக்கு எழுத்து தெரியாதுல்லா," என்றாள். பிறகு, "நீங்கதான் ரெண்டு பக்கமும் வாசிக்கியன்னு இருந்தேன்."

ஜூலை 11, வியாழன்

அண்ணாச்சியிடம் கேட்டேன். அவள் பெயர் லீதியாள். மண்மேட்டில் இருப்பது அவள் ஒரே மகன் சைலஸ். போன வருஷம் இதே காலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. பரிசுத்த பூமியில் அப்படிப்பட்டவனை வைக்கக்கூடாது என்று கமிட்டி தீர்மானித்து, ஜெபம் இல்லாமல் சுவருக்கு வெளியே அடக்கம் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கோயிலுக்குள் வருவதில்லை. ஆராதனை நேரத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எமிமாளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். பயண அலுப்பு இன்னும் போகவில்லை.

ஜூலை 13, சனி

செல்வினின் அறைத் தோழன் போனை எடுத்தான். செல்வின் இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லையாம், அறையை விட்டே வெளியே வருவதில்லையாம். லீவு போட்டிருப்பான் என்றேன். எமிமாள் போனை வாங்கி அந்தப் பையனிடம் வெகுநேரம் ஏதோ மெதுவாகக் கேட்டாள். ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழுந்தது. ஓசூரில் வெயில் போலிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

பிரசங்கம்: கர்த்தருடைய பர்வதத்தில் ஏறத்தக்கவன் யார்? கைகள் சுத்தமும் உள்ளம் மாசற்றதுமானவன். நன்றாகப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். நடுவில் பீடத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்ஜன்னல் கண்ணாடி வழியாக உடை மரம் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பழக வேண்டும்.

பீடத்தின் வெள்ளைத் துணிமேல் இன்று மணல்.

ஜூலை 16, செவ்வாய்

அண்ணாச்சி ஓடிவந்து கூப்பிட்டார். மேட்டைக் காற்று ஒரு பக்கமாக அரித்துவிட்டது. சவப்பெட்டியின் ஒரு மூலை வெளியே தெரிகிறது. லீதியாள் நார்ப்பெட்டியால் அள்ளி அள்ளி மணலைக் கொட்டுகிறாள். கொட்டின சுவடு தெரியாமல் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. நாங்களும் கொட்டினோம். ஓலைப்பாய் ஒன்றைப் போட்டுக் கல் வைத்தோம்.

"ஐயா, அவன உள்ள கொண்டுவந்துரலாமா?" என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை. மழை வருவதற்குள் விறகை எடுத்துவைக்கலாமா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 17, புதன். ஆடி முதல் தேதி

கமிட்டி கூடியது. கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலையில் ஓர் இடம் கேட்டேன். பண்டிகைக்கு வெளியூர் ஜனம் வரும்போது பெட்டி திறந்து கிடந்தால் நமக்குத்தான் கேவலம் என்றும் சொன்னேன். மற்றவர்கள் எபனேசர் துரையின் முகத்தைப் பார்த்தார்கள்.

"உபதேசியாரே, பரிசுத்தம்னா பிரிச்சு வைக்கதுன்னு முதல் கூட்டத்துல நீங்கதான சொன்னிய," என்றார். "நாங்க பிரிச்சுத்தான் வச்சிருக்கோம்."

அவர் கோபமாகப் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் அவர் மனைவி இருக்கிறார், தகப்பனார் இருக்கிறார், அவர்கள் நடுவில் இதைக் கொண்டுவந்து வைத்தால் அவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. தேவனுக்குப் பயப்படுகிற மனிதர். பிரித்து வைப்பது என்பதும் நான் சொன்ன வார்த்தைதானே.

சேகர குருவிடம் போனில் பேசினேன். பண்டிகை முடியட்டும், ஊரைக் கலைக்காதீர்கள் என்றார்.

ஜூலை 18, வியாழன்

பாய் பறந்துவிட்டது. பெட்டியின் மேல்பலகை நெளிந்து இடைவெளி விட்டிருக்கிறது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, வாடையே இல்லை ஐயா என்றார். காய்ந்த மணல் அப்படித்தான் செய்யும் என்றேன்.

ஆனால் ஒரு சங்கீத வரி ஞாபகத்துக்கு வந்தது. பரிசுத்தவானை அழுகிப்போக விடமாட்டீர் என்கிற அர்த்தத்தில் பதினாறாம் சங்கீதத்தில் வருவது. அது ஆண்டவரின் உயிர்த்தெழுதலைக் குறித்தது என்று அப்போஸ்தலர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் அதை நினைப்பது சரியில்லை. நினைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

செல்வின் தானாகக் கூப்பிட்டான். எமிமாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். ம் என்றான். புது ஊர் எப்படி என்று கேட்டான். பேச விஷயம் கிடைத்ததே என்று, கோயில், தேரி, காற்று, லீதியாள் மகனின் பெட்டி, கமிட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா, அது நானா இருந்தா எங்க வச்சிருப்பீங்க?"

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் வழியாக மணல் வந்து மேஜைமேல் விழும் சத்தம் கேட்டது. அவன் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

எமிமாள் வந்ததும் சொன்னேன். குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்டாள்.

ஜூலை 20, சனி

முதல் பஸ்ஸில் எமிமாள் ஓசூருக்குக் கிளம்பிவிட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வரவேண்டாம். ஞாயித்துக்கிழமை பிரசங்கம் இருக்குல்லா," என்றாள்.

நாள் முழுவதும் கோயிலில் இருந்தேன். வாசிக்கவில்லை. மணலைக் கூட்டவும் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்றும் அதே தொண்ணூற்றொன்பதாம் சங்கீதம். அந்தச் சங்கீதத்தில் மூன்று இடத்தில் அவர் பரிசுத்தர் என்று வருகிறது. மூன்றும் நடத்துகிறவர் வாசிக்கும் வசனத்தில்தான் விழும். இத்தனை வருஷமும் அந்த மூன்று வார்த்தைக்காகவே என் குரலைச் சரிசெய்து வைத்திருப்பேன். சபையார் தங்கள் வசனத்தை வாசிக்கும்போது என் கண் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இன்று போகவில்லை. மூன்றாம் முறை அந்த வார்த்தை வருவதற்கு ஒரு வசனம் முந்தி, சபையாரின் பங்கில், நீர் அவர்களுக்குப் பதில் கொடுத்தீர், அவர்கள் செய்ததற்குத் தண்டித்தாலும் அவர்களை மன்னிக்கிற தேவனாக இருந்தீர் என்று இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். எபனேசர் துரையின் குரல்தான் உரத்துக் கேட்டது. பத்தாம் தேதி மத்தியானம் தேரிப் பக்கமிருந்து எனக்கு வந்த வசனங்களில் அதுவும் ஒன்று. அன்று கேட்டேன், காதில் வாங்கவில்லை.

பரிசுத்தம் என் வாயில், மன்னிப்பு அவர்கள் வாயில். இரண்டும் ஒரே சங்கீதம். நான் பாதியை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறேன்.

பிரசங்கம் செய்ய முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஜெபத்தோடு முடித்தேன்.

ஜூலை 22, திங்கள்

எமிமாள் போன். கதவைத் தட்டினாளாம். வெகுநேரம் கழித்துத் திறந்தானாம். "இருக்கான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

லீதியாளிடம் போய், அவனை உள்ளே கொண்டுவருவோம், நானே ஜெபம் செய்வேன் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. பயந்தாள். ஒரு வருஷமாக இந்த இடத்தில் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை என்றாள். யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"தெரியாதுய்யா. சைலஸ் இல்ல. அவன எனக்குத் தெரியும்லா. இது வேற. கிட்ட இருக்கும், திரும்பிப் பாக்க ஏலாது. முதல்ல ஓடிப்போயிரலாம்னு இருந்துது. அப்புறம் ஓடுனா எங்க போகன்னு இருந்துட்டேன்."

நான் வேதபாடசாலையில் படித்தவன். பரிசுத்தத்தைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறேன். அவள் சொன்னது எந்த நோட்டிலும் இல்லை.

இருபத்திரண்டாம் சங்கீதத்தை நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஏன் கைவிட்டீர், கூப்பிட்டும் பதில் இல்லையே என்று கதறுகிறவன், அதே மூச்சில், நீரோ பரிசுத்தர் என்கிறான். அதைச் சிலுவையில் தம் வாயில் எடுத்தவர் நகரத்துச் சுவருக்கு வெளியேதான் தொங்கினார். இது எனக்குத் தெரியாததா? பெரிய வெள்ளிக்கிழமைகளில் எத்தனை முறை பேசியிருப்பேன்.

ஜூலை 25, வியாழன்

லீதியாளின் தம்பி ஆசீர், பெட்டியை மாற்றி வைக்கத் தாசில்தார் ஆபீசில் அனுமதி வாங்கிவிட்டார். எபனேசர் துரையிடம் நானே போய்ச் சொன்னேன். நாளைக் காலை என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் வந்து தடுப்பேன் உபதேசியாரே, தடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். என் மகனைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. செல்வின் சாகப் பார்த்திருக்கிறான். எழுதிவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் காற்று பேய்த்தனமாக அடித்தது. சூரியன் சிவந்த புழுதிக்குள் செப்புக்காசு போலத் தெரிந்தது. குழி வெட்டியாயிற்று. வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் வரவில்லை. எபனேசர் துரையின் பேச்சு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும். ஆசீர், அண்ணாச்சி, நான். பெட்டிக்கு நாலு மூலை. லீதியாள் நாலாவது மூலையைப் பிடிக்க வந்தாள். தாய் தூக்கக்கூடாது என்று ஆசீர் தடுத்தார். காற்றில் அப்படியே நின்றோம்.

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புழுதியில் முகம் தெரியவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் எமிமாள் என்று தெரிந்தது. கூட செல்வின். தாடி வளர்ந்து பாதியாக இளைத்திருந்தான். அதிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். செல்வின் பையைக் கீழே வைத்தான். பெட்டியைப் பார்த்தான். ஒரு வருஷமாக மணலுக்குள் கிடந்த பெட்டியை அவன் அப்படிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு குனிந்து நாலாவது மூலையைப் பிடித்தான்.

தூக்கினோம். கனமே இல்லை.

சுவரில் ஓரிடத்தில் மணல் ஏறி மூடியிருந்தது. அதன் மேலாகவே நடந்து உள்ளே வந்தோம். கேட்டில் எபனேசர் துரையும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். அவர் கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

காற்று நின்றது.

ஆடியில் தேரிக்காற்று தணியும், நிற்காது. இது நின்றது. பனையோலை ஒன்றுகூட அசையவில்லை. மேலே பறந்துகொண்டிருந்த மணல் எங்கள் தலைமேலும் தோள்மேலும் பெட்டிமேலும் மெதுவாக வந்து இறங்கியது. ஊர்ச் சத்தம் இல்லை. என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

யாரோ வந்திருந்தார்கள். இதைவிடச் சரியாக எனக்கு எழுதத் தெரியவில்லை. செத்தவன் அல்ல, ஆவி அல்ல. பயமாக இருந்தது, ஆனால் ஓடத் தோன்றவில்லை. நான் எவ்வளவு அழுக்கானவன் என்று எலும்பு வரைக்கும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டே ஒருவர் என் பக்கத்தில் நிற்கிறார் என்றும் தெரிந்தது. ஜனங்கள் நடுங்கட்டும், பூமி அசையட்டும் என்ற வரியை இனி யாருக்கும் நான் விளக்கிச் சொல்லப்போவதில்லை. எதிரே செல்வினின் கை நடுங்குவதைப் பெட்டியின் வழியாக உணர்ந்தேன்.

எபனேசர் துரை உயர்த்திய கையை இறக்கிக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை இறக்கினோம். நான் அடக்க ஆராதனையை வாசித்தேன். புத்தகத்தில் இருப்பதை, எதையும் விடாமல், சைலஸ் என்ற பெயரைச் சொல்லி. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்தச் சுவருக்குள் கேட்டது. லீதியாள் அப்போதுதான் அழுதாள்.

மண் போட்டோம். லீதியாள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"சாமி கிட்ட வந்தா இப்படித்தான் இருக்குமாய்யா?"

"ஆமா," என்றேன். "எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

பிறகு காற்று வந்தது.

ஜூலை 27, சனி

எபனேசர் துரை சேகர குருவுக்குப் புகார் அனுப்பிவிட்டார். கேட்டில் நின்றபோது என்ன நடந்தது என்று அதில் எழுதவில்லையாம். பண்டிகை முடிந்ததும் என்னை மாற்றிவிடுவார்கள் போலிருக்கிறது. சேகர குரு வருத்தத்தோடுதான் பேசினார். நான் ஒன்றும் வாதாடவில்லை. எமிமாளிடம் சொன்னேன். சாமான் பாதி இன்னும் கட்டினபடியே இருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

செல்வின் மத்தியானம் வரைக்கும் தூங்கினான். எழுந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் போனில் கேட்டதற்குப் பதில் சொல்ல வந்தேன் என்றேன். வேண்டாம்பா, பார்த்துட்டேன் என்றான்.

பிறகு, "நான் உங்ககூட கொஞ்ச நாள் இருக்கட்டுமாப்பா?" என்றான். "வேலைக்குப் போகச் சொல்லாம. சும்மா."

"இரு," என்றேன்.

அவன் தலைமயிரில் இன்னும் மணல் இருந்தது. கையை வைத்துத் தட்டிவிட்டேன். சின்ன வயதில் தொட்டது. தலையை விலக்கிக்கொள்ளாமல் இருந்தான்.